கோபுரம் தெரிகிறது, பாடம் ஏன் வரவில்லை?

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள சிறு நகரம் கஹவத்தை. தேயிலைத் தோட்டங்களும் இறப்பர் மலைகளும் மாணிக்கக்கல் குழிகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. நகரின் கடைத்தெருவில் நின்று கையடக்கத் தொலைபேசியில் ஒரு காணொளியைத் திறப்பவருக்குப் பெரும்பாலும் சிரமம் இருப்பதில்லை. அதே தொலைபேசியை எடுத்துக்கொண்டு சுற்றுப்புறத் தோட்டமொன்றின் கடைசிப் பிரிவுக்குச் சென்றால் நிலைமை மாறிவிடுகின்றது. தூரத்துக் குன்றின் உச்சியில் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெரியும். திரையில் 4ஜி என்ற அடையாளமும் இருக்கும். ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். குரல் துண்டு துண்டாக வந்து விழும்.

"சிக்னல் இல்லை" என்கின்றனர் பெற்றோர். "அப்பிரதேசம் எமது 4ஜி வலயத்துக்குள் இருக்கின்றது" என்கின்றன சேவை வழங்கும் நிறுவனங்கள். இரு தரப்பினரும் ஒரே நேரத்தில் உண்மை பேசுபவர்களாக இருக்கலாம் என்பதே இதிலுள்ள விசித்திரம். அது எவ்வாறு சாத்தியமாகின்றது என்பதை அறிந்துகொள்ள, இலக்கமுறைப் பண்பேற்றம் எனப்படும் ஒரு தொழினுட்பத்தின் அடிப்படையை விளங்கிக்கொள்வது அவசியம். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்கள் இதனைப் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். தோட்டத்துக்கு முறையான இணைய வசதி கோரி மனு எழுதும் பெற்றோருக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் இது அவர்களைவிட அதிகமாகப் பயன்படக்கூடியது.

கணனியும் கையடக்கத் தொலைபேசியும் அறிந்த எழுத்துகள் இரண்டே. ஒன்று 0, மற்றையது 1. படம், குரல், திருக்குறள், திருக்குர்ஆன் ஓதல், வங்கிக் கணக்கு அனைத்தும் இவ்விரண்டின் நீண்ட வரிசைகளாகவே உள்ளே சேமிக்கப்படுகின்றன. இதனைத் துவித முறை என்கிறோம். இத்தகைய ஓர் இலக்கம் ஒரு பிட் எனப்படும்.

இந்தப் பிட்களை அப்படியே ஆகாயத்தில் அனுப்பிவிட முடியாது. ஓர் அலையைத் திறம்பட வீசுவதற்கு அதன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் அன்டெனா இருத்தல் வேண்டும். விநாடிக்கு ஆயிரம் தடவைகள் அதிரும் ஓர் அலையின் நீளம் 300 கிலோமீற்றர். அதன் காற்பங்கு நீளத்துக்கு அன்டெனா அமைப்பதானாலும் 75 கிலோமீற்றர் தேவைப்படும். மாறாக 900 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள அலையின் நீளம் 33 சென்ரிமீற்றர் மாத்திரமே. அதன் காற்பங்கு உள்ளங்கைக்குள் அடங்கும். ஆகவே, வேகமாக அதிரும் அலையொன்றை வாகனமாக்கி அதன்மீது பிட்கள் ஏற்றப்படுகின்றன. வாகனமாகும் அலை காவி அலை எனப்படும். ஏற்றும் வேலையே பண்பேற்றம்.

சீரான ஓர் அலையில் செய்தி எதுவும் இல்லை. அதில் எதையேனும் மாற்றினால்தான் செய்தி பிறக்கும். இது எமது மக்களுக்குப் புதிய விடயமன்று. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு, சாவை அறிவித்ததும் தப்பு, திருவிழாவில் ஒலித்ததும் தப்பு. அடி மாறியதை வைத்தே லயத்தில் இருந்தோர் செய்தியை அறிந்தனர். பள்ளிவாசல்களில் நகரா அடித்த காலத்திலும் அவ்வாறே. காவி அலையில் மாற்றக்கூடிய பண்புகள் மூன்று: அதன் உயரமாகிய வீச்சம், அதிரும் வேகமாகிய மீடிறன், அது எந்த நிலையிலிருந்து ஆரம்பிக்கின்றது என்பதைக் குறிக்கும் அவத்தை.

வீச்சத்தை மாற்றுவது மூன்றிலும் எளிது. அலை பலமாக இருந்தால் 1, பலவீனமாக இருந்தாலோ அற்றுப்போனாலோ 0. இதனை ஏ.எஸ்.கே. என்பர். வீட்டிலுள்ள தொலைக்காட்சியின் ரிமோட் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, பெரும்பாலான ரிமோட்களில் விநாடிக்கு 38,000 தடவைகள் துடிக்கின்றது. அத்துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதன் மூலம் பொத்தானின் கட்டளை செல்கின்றது. பழைய தந்தி முறையில் மோர்ஸ் ஒலி இருந்ததும் இல்லாததுமே செய்தியாயிற்று. ஒளியை ஏற்றி அணைப்பதன் மூலம் தரவை அனுப்பும் கண்ணாடி இழை வடங்கள் இன்றும் உண்டு.

ஆயினும் இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. மத்திய அலை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நன்கு நினைவிருக்கும். மின்னல் வெட்டியவுடன் வானொலிப் பெட்டி கரகரக்கும். மின்னலும் இயந்திர மோட்டார்களும் எழுப்பும் இரைச்சல், அலையின் வீச்சத்தில் வந்து ஒட்டிக்கொள்வதே காரணம். பண்பலை என்று நாம் அழைக்கும் எஃப்.எம். வானொலிகள் மீடிறனைப் பண்பேற்றுவதால் அதே இடிமழையிலும் தெளிவாக ஒலிக்கின்றன.

பிட்களுக்கும் இதே உபாயம் பொருந்தும். 0 க்கு ஒரு சுருதி, 1 க்கு இன்னொரு சுருதி. எஃப்.எஸ்.கே. எனப்படும் இம்முறையிலேயே தொலைபேசிக் கம்பிகளில் முதன்முதலாகக் கணனிகள் பேசின. சர்வதேச நியமமான வி.21 இல், அழைக்கும் மோடம் 980 ஹேர்ட்ஸ் ஒலியை 1 ஆகவும் 1180 ஹேர்ட்ஸ் ஒலியை 0 ஆகவும் அனுப்பியது. வேகம் விநாடிக்கு 300 பிட்கள். இக்கட்டுரையை எழுத்தொன்றுக்கு 16 பிட்கள் வீதம் அதில் அனுப்பினால் ஏறத்தாழக் கால் மணி நேரம் எடுக்கும். எனினும் எவ்வளவு மோசமான கம்பியிலும் அது போய்ச் சேர்ந்தது. தொலைநகல் இயந்திரத்தைப் பயன்படுத்தியோர் ஆரம்பத்தில் கேட்ட கீச்சொலியின் ஒரு பகுதி இதே வி.21 தான். இரு இயந்திரங்களும் எந்த வேகத்தில் பேசுவது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரையாடல் அது.

அந்த ஒப்பந்தத்தில்தான் எமது கேள்விக்கான விடையின் வித்து இருக்கின்றது. தொலைநகல் இயந்திரம் முதலில் விநாடிக்கு 9,600 பிட்களில் முயலும். கம்பியில் இரைச்சல் அதிகமென்றால் 7,200 க்கு இறங்கும். அதுவும் சரிவராவிடில் 4,800, பின்னர் 2,400. மழைக்காலத்தில் மலையகத்துச் செய்தியாளர் அனுப்பிய ஒரு பக்கம் அங்குலம் அங்குலமாக வெளிவருவதைப் பத்திரிகை அலுவலகங்களில் பலரும் கண்டிருக்கின்றனர். இயந்திரம் பழுதடைந்துவிட்டதாக அப்போது நாம் எண்ணுவதுண்டு. உண்மையில் அது சுமையைக் குறைத்து, பக்கத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொண்டிருந்தது.

சுமை என்பது என்ன? இதனை விளங்குவதற்கு மூன்றாவது பண்பாகிய அவத்தைக்கு வரவேண்டும்.

இரண்டு ஊஞ்சல்கள் ஒரே உயரத்துக்கு, ஒரே வேகத்தில் ஆடுகின்றன என்று கொள்வோம். ஒன்று முன்னே செல்லும் கணத்தில் மற்றையது பின்னே செல்லுமாயின், வீச்சமும் மீடிறனும் சமமாயினும் அவற்றின் அவத்தை எதிரெதிரானது. காவி அலையையும் இவ்வாறு இரு நிலைகளுக்கிடையே புரட்டி 0, 1 ஆகியவற்றைக் குறிக்கலாம். இது பி.எஸ்.கே. எனப்படும். 20,000 கிலோமீற்றருக்கு அப்பால் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் தம் நிலையை அறிவிக்கும் தரவை இம்முறையில், விநாடிக்கு 50 பிட்கள் என்ற நிதானத்தில் அனுப்பி வந்துள்ளன. அவ்வளவு தொலைவிலிருந்து நலிந்து வரும் அலை எமது சட்டைப்பையிலுள்ள தொலைபேசிக்கு விளங்குவது இந்த எளிமையாலும் நிதானத்தாலுமே.

இரு நிலைகளுக்குப் பதிலாக நான்கு நிலைகளை வைத்தால் என்ன? 00, 01, 10, 11 என்ற நான்கு சோடிகளுக்கும் ஆளுக்கொரு நிலை கிடைக்கும். அலை ஒரு தடவை நிலைமாறும்போது இரண்டு பிட்கள் சென்றுவிடுகின்றன. கியூ.பி.எஸ்.கே. எனப்படும் இம்முறை செய்மதித் தொலைக்காட்சியில் இருக்கின்றது. 2005 ஆம் ஆண்டையொட்டி எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் பரவிய சி.டி.எம்.ஏ. கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் அது இருந்தது.

அதற்கும் மேலே செல்ல விரும்பிய பொறியியலாளர்கள் அவத்தையையும் வீச்சத்தையும் ஒருங்கே மாற்றத் தொடங்கினர். கியூ.ஏ.எம். எனப்படும் இம்முறையைக் காகிதத்தில் வரைந்தால் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தைப் போலவே இருக்கும். வரிசைக்கு நான்காக நான்கு வரிசைகள் வைத்தால் 16 புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் நான்கு பிட்களைக் குறிக்கும். எட்டுக்கு எட்டு வைத்தால் 64 புள்ளிகள், ஆறு பிட்கள். பதினாறுக்குப் பதினாறு வைத்தால் 256 புள்ளிகள், எட்டுப் பிட்கள். அலையை அடிக்கடி மாற்றாமலே, ஒரு மாற்றத்தில் அதிகமான தரவை அனுப்பும் வழி இது. கொழுந்து லொறி அதே தடவைகள்தான் ஓடுகின்றது. ஏற்றும் சாக்குகளின் எண்ணிக்கையே கூடுகின்றது.

ஆனால் கோலம் இட்ட வாசலில் தூறல் விழுந்தால் என்னவாகும்? நான்கே புள்ளிகள் விலகி விலகி இருந்தால், சற்றுக் கலைந்தாலும் எது எந்தப் புள்ளி என்று கூறிவிடலாம். அதே இடத்தில் 64 புள்ளிகளை நெருக்கி வைத்திருந்தால், சிறிது கலைந்தாலும் ஒன்று மற்றையதோடு கலந்துவிடும். ஆகாயத்தில் இத்தூறலுக்குப் பெயர் இரைச்சல். கோபுரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல அலை நலிந்து, இரைச்சலின் கை ஓங்குகின்றது. இடையில் குன்று நின்றாலும், மழையில் நனைந்த இறப்பர் மரங்களின் இலைச்செறிவு நின்றாலும் நலிவு மேலும் கூடும். லயன் அறைகளின் தகரக் கூரை அலையைத் திருப்பிவிடுகின்றது. பாடத்துக்காகப் பிள்ளைகள் தொலைபேசியுடன் உள்ளிருந்து இஸ்தோப்புக்கும், இஸ்தோப்பிலிருந்து மேட்டுக்கும் நகர்வதற்குரிய பௌதிகக் காரணம் இதுவே.

இரைச்சலுள்ள எந்தப் பாதைக்கும் தவறின்றி அனுப்பக்கூடிய தரவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டென்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் 1948 இல் நிரூபித்துவிட்டார். எந்த நிறுவனமும் எந்த விளம்பரமும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

4ஜி தொலைபேசி இந்த எல்லையோடு இடைவிடாது பேரம் பேசுகின்றது. தனக்கு வந்துசேரும் அலையின் தரத்தை அளந்து, 1 முதல் 15 வரையான ஒரு படித்தர எண்ணாக விநாடிக்குப் பல தடவைகள் கோபுரத்துக்கு அறிவிக்கின்றது. முதலில் வகுக்கப்பட்ட அட்டவணையின்படி 1 முதல் 6 வரை கிடைத்தால் கோபுரம் நான்கு புள்ளிகளோடு நின்றுகொள்ளும். 7 முதல் 9 வரை 16 புள்ளிகள். 10 இலிருந்து 15 வரை 64 புள்ளிகள். பின்னர் வந்த அட்டவணைகள் 256 புள்ளிகளுக்கும் இடமளித்தன. தாழ்ந்த படிகளில், தவறுகளைத் திருத்துவதற்காக ஒரே தரவின் சாயல் மீண்டும் மீண்டும் சேர்த்து அனுப்பப்படுவதால் உபயோகமான பிட்கள் இன்னும் குறைகின்றன. உச்சப் படியில் ஒரு மாற்றத்துக்கு 5.55 பிட்கள் கிடைக்க, அடிப்படியில் 0.15 பிட் மாத்திரமே கிடைக்கின்றது. வித்தியாசம் 36 மடங்கு.

இதனை ஒரு கணக்காகப் பார்ப்போம். 10 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசையில் 600 துணைக் காவி அலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் விநாடிக்கு 14,000 தடவைகள் நிலைமாறுகின்றது. மொத்தம் 84 இலட்சம் மாற்றங்கள். எளிமைக்காக ஒற்றை அன்டெனாவையும், கட்டுப்பாட்டுக்குச் செலவாகும் பங்கைக் கழிக்காத மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால், உச்சப் படியில் விநாடிக்கு 4 கோடியே 66 இலட்சம் பிட்கள் வரும். அடிப்படியில் வருவது 13 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஓரளவு தெளிவான காணொளி வகுப்பொன்றுக்கு விநாடிக்கு ஐந்தாறு இலட்சம் பிட்கள் வேண்டும். கடைசி லயத்தில் அடிப்படியில் நிற்கும் இரண்டு பிள்ளைகள் பாடம் பார்த்தாலே அந்த அலைவரிசை நிரம்பிவிடும். மூன்றாவது பிள்ளை வந்தால் மூவருக்கும் முகம் உறைந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தூரத்துப் பிள்ளைக்கு ஒரு பாடத்தைச் சேர்ப்பதற்குக் கோபுரம் அதிக நேரத்தைச் செலவிடுவதால், அருகிலிருக்கும் நகரவாசியின் வேகமும் குறைகின்றது. தோட்டத்துக்கு அருகே இன்னொரு கோபுரம் வேண்டுமென்ற கோரிக்கை தோட்டத்தவரின் நலனுக்கு மட்டும் உரியதென்று கஹவத்தை நகர வர்த்தகர்கள் ஒதுங்கியிருக்கத் தேவையில்லை.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கணக்கு முழு நாட்டுக்கும் வெளிச்சமாயிற்று. ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்தில் மாணவர்கள் காட்டு வழியே நடந்து, பாறை உச்சியொன்றில் ஏறிப் பாடம் பெற்றதை 2021 இல் உலக ஊடகங்கள் படம்பிடித்துக் காட்டின. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நாடு முழுவதற்கும் 4ஜி வசதியை எட்டச் செய்யும் நோக்கில் முன்னெடுத்த "கமட்ட சன்னிவேதனய", அதாவது கிராமத்துக்குத் தொடர்பாடல் என்ற திட்டத்துக்கு முன்னோடியாகத் தெரிவு செய்யப்பட்டது எமது இரத்தினபுரி மாவட்டமே. அது வரவேற்கத்தக்க முயற்சி. ஆயினும் வரைபடத்தில் ஒரு பிரதேசம் நிறந்தீட்டப்படுவதற்கு அடிப்படியில் அலை கிடைத்தாலே போதுமானது. "4ஜி உண்டா, இல்லையா" என்ற கேள்விக்கு அங்கு "உண்டு" என்பதே பதில். பிள்ளையின் பாடம் வருமா என்ற கேள்விக்கு அப்பதிலில் இடமில்லை.

ஆகவே மனு எழுதுவோர் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். எந்தப் பிரிவில், எந்த லயத்தின் உள்ளே, மாலை எத்தனை மணிக்கு, விநாடிக்கு எத்தனை பிட்கள் கிடைக்கின்றன? தொலைபேசியின் மேல் மூலையில் தெரியும் கோடுகள் அலையின் பலத்தையே காட்டுகின்றன; இரைச்சலைக் கழித்த தரத்தை அவை கூறுவதில்லை. வேகத்தையும் அலைத்தரத்தையும் அளக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. உயர்தர வகுப்பு மாணவர்கள் நால்வர் ஒரு வார காலம் மாலைதோறும் தமது தோட்டத்தில் அளந்து பட்டியலிட்டால், அது பத்துப் பக்க மனுவைவிடக் கனமான ஆவணமாகும். பாடத்திட்டத்திலுள்ள ஓர் அலகைப் படித்த பயனும் அவர்களுக்குக் கிடைக்கும்.

அடிப்படியில் நிற்கும் இணைப்பு பாடத்துக்குப் போதாது என்றோம். ஆனால் அதே இணைப்பு உயிர்காக்கும் ஒரு வேலைக்குத் தாராளமாகப் போதும். 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும், 2017 மே மாத அனர்த்தமும் தென்மேற்கு இலங்கையில் ஒவ்வொன்றும் 200 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டன. இரண்டிலும் இரத்தினபுரி மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் 600 க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. முன்னெச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வெளிவரவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட்கள். கட்டுப்பாட்டுச் செய்திகள் செல்லும் பாதையில் அது செல்வதால், காணொளி உறைந்து நிற்கும் இடத்திலும் வந்துசேரும் வாய்ப்பு அதிகம். குறிப்பிட்ட கோபுரத்தின் கீழுள்ள தொலைபேசிகள் அனைத்துக்கும் இலக்கம் தெரியாமலே ஒரே தடவையில் அனுப்பும் கல ஒலிபரப்பு வசதியும் உண்டு. இவ்விரண்டையும் பயன்படுத்தும் அனர்த்த முன்னெச்சரிக்கை வலையமைப்பொன்று 2009 இலேயே இலங்கையில் ஆரம்பிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் அடங்கும். தமிழ், சிங்களம் ஆகியவற்றுக்கு எழுத்தொன்றுக்கு 16 பிட்கள் செலவாவதால் 70 இடங்களே உண்டு. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி இடம் பிடிக்கும். இது சிங்களத்துக்கும் உள்ள நிபந்தனையே. 1987 இல் அரசியலமைப்பில் அரசகரும மொழியாக இடம்பெற்ற தமிழில் எச்சரிக்கை அனுப்புவதற்கு அலையிலோ பண்பேற்றத்திலோ எந்தத் தடையும் இல்லை.

"மண்சரிவு அபாயம். உடனடியாக வெளியேறவும்." என்ற அறிவித்தல், இடைவெளிகளும் முற்றுப்புள்ளிகளும் உட்பட, 38 இடங்களைப் பிடிக்கின்றது. 608 பிட்கள். மீதமுள்ள 32 இடங்களில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதலாம்.